ஒப்பந்தம் முடிகிறது, ஊதியம் நிற்கிறது: பெங்களூரு எஃப்.சி. உணர்த்தும் பாடம்

2025 ஆகஸ்ட் 4 அன்று, ஐ.எஸ்.எல். எனச் சுருக்கமாக வழங்கப்படும் இந்தியன் சூப்பர் லீகின் அடுத்த பருவம் நடக்குமா என்பதே தெளிவாகாத நிலையில், பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியின் வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஊதியம் வழங்குவதைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதற்கு நான்கு மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன், ஏப்ரல் 12 அன்று, இதே அணி கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக லீகின் இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரம் வரை போராடி 2-1 என்ற கணக்கில் கோப்பையை இழந்திருந்தது. அணித்தலைவர் சுனில் சேத்ரி, நாற்பது வயதிலும் அந்தப் பருவத்தில் 14 கோல்கள் அடித்து, இந்திய வீரர்களில் முதலிடம் பெற்றிருந்தார். களத்தில் தோற்றுத் தேய்ந்த அணியாகவோ, ரசிகர்கள் கைவிட்ட கழகமாகவோ, உரிமையாளர் நொடித்துப்போன நிறுவனமாகவோ பெங்களூரு எஃப்.சி. அன்று இருக்கவில்லை, நாட்டின் பெருந்தொழில் குழுமங்களுள் ஒன்றான ஜே.எஸ்.டபிள்யூ. அதன் பின்னால் நின்றது.

அடுத்த சில நாட்களில் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது, ஒடிஷா எஃப்.சி. வீரர்களுடனும் பணியாளர்களுடனும் செய்துகொண்ட ஒப்பந்தங்களையே இடைநிறுத்தியது. ஒரே வாரத்தில் மூன்று மாநிலங்களின் முதன்மைக் கழகங்கள் இந்த நிலைக்கு வந்ததற்கு அந்தந்தக் கழகத்தின் ஊதாரித்தனத்தையோ நிர்வாகக் குறையையோ மட்டும் காரணமாகக் காட்ட இயலாது. கழகங்கள் ஆடும் லீகே ஒரு வணிக ஒப்பந்தத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது என்பதும், அந்த ஒப்பந்தம் முடியும் நாள் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தும் அதற்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதை யாரும் தீர்மானித்து வைக்கவில்லை என்பதுமே இந்த நெருக்கடியின் வேர். ஒரு கழகம் எவ்வளவு திறமையாக நடத்தப்பட்டாலும், அது ஆடும் போட்டிக்கு நிலையான உடைமையாளர் இல்லாதவரை அதன் வாழ்வு உறுதியற்றதாகவே இருக்கும் என்பதைப் பெங்களூருவின் அனுபவம் காட்டுகிறது.

ஒரு லீகின் ஆயுள் ரேகை

இந்தியக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பான அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், 2010 டிசம்பரில், ரிலையன்ஸ் குழுமமும் பன்னாட்டு விளையாட்டு வணிக நிறுவனமான ஐ.எம்.ஜி.யும் இணைந்து நடத்திய கூட்டு நிறுவனத்துடன் பதினைந்து ஆண்டுகளுக்குச் சுமார் 700 கோடி ரூபாய் மதிப்பில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதன்மை உரிமை ஒப்பந்தம் என்று குறிப்பிடத்தக்க இந்த ஏற்பாட்டின்படி, இந்தியக் கால்பந்தின் ஒளிபரப்பு, விளம்பரம், விளம்பரதாரர் தேர்வு, புதிய லீக் தொடங்கும் அதிகாரம் ஆகிய வணிக உரிமைகள் யாவும் அந்நிறுவனத்தின் கைக்குச் சென்றன. அதற்கு ஈடாகச் சம்மேளனத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கிடைத்தது. அந்த உரிமைகளைப் பின்னர் கையாண்ட கால்பந்து விளையாட்டு வளர்ச்சி நிறுவனம், அதாவது எஃப்.எஸ்.டி.எல்., 2014இல் எட்டு அணிகளுடன் ஐ.எஸ்.எல். போட்டியைத் தொடங்கியது.

இந்த அமைப்பில் லீகை நடத்துபவர் ஒருவர், விளையாட்டின் சட்டப்பூர்வக் காவலர் வேறொருவர், செலவைச் சுமப்பவர்கள் மூன்றாம் தரப்பினரான கழக உரிமையாளர்கள். கழகங்கள் லீகில் இடம்பெறக் கட்டணம் செலுத்தின. லீகின் பொது வருவாயிலிருந்து ஒரு பங்கைத் திரும்பப் பெற்றன. ஆனால் லீகின் உடைமையில் அவற்றுக்குப் பங்கில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஆடும் இருபது கழகங்களே அந்த லீக் நிறுவனத்தின் பங்குதாரர்களாக இருப்பதால், ஒளிபரப்பு உரிமையை யாருக்கு எத்தனை ஆண்டுகளுக்கு விற்பது என்பதைக் கழகங்களே கூடி முடிவுசெய்கின்றன. இந்தியக் கழகங்களோ தம் எதிர்காலத்தை நிர்ணயிக்கும் பேச்சுவார்த்தையில் பார்வையாளர்களாகவே அமர்ந்திருந்தன.

முதன்மை உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவடைய இருந்தது. இந்தியக் கால்பந்துப் பருவம் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டின் முற்பகுதி வரை நீள்வதால், 2025-26 பருவத்தின் நடுவே ஒப்பந்தம் காலாவதியாகும் என்பது நாட்காட்டியைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருந்தது. லீகை நடத்த ஒரு புதிய நிறுவனம் அமைத்து, அதில் கழகங்களுக்கு 60 விழுக்காடும், எஃப்.எஸ்.டி.எல்.லுக்கு 26 விழுக்காடும், சம்மேளனத்துக்கு 14 விழுக்காடும் பங்கு வழங்கலாம் என்ற யோசனை பேசப்பட்டது. ஆனால் சம்மேளனத்தின் அமைப்பு விதிகள் தொடர்பாகப் பல ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்குக் காத்திருந்தது. தீர்ப்பு வரும்வரை புதிய உரிமை ஒப்பந்தம் எதையும் செய்ய வேண்டாமென்று நீதிமன்றம் அறிவுறுத்தியிருந்ததால் பேச்சுவார்த்தை முன்னேறவில்லை. 2025 ஜூலை 11 அன்று, ஒப்பந்த நிலை தெளிவாகும்வரை புதிய பருவம் நிறுத்திவைக்கப்படுகிறது என எஃப்.எஸ்.டி.எல். கழகங்களுக்குத் தெரிவித்தது. அதற்கு மூன்றரை வாரங்கள் கழித்தே பெங்களூருவின் அறிவிப்பு வெளிவந்தது.

முதலில் நின்றது எது, நிற்காதது எது

ஒரு கால்பந்துக் கழகத்தின் வருவாய் மூன்று வாய்க்கால்களில் வருகிறது: லீகின் ஒளிபரப்பு மற்றும் விளம்பர வருவாயில் கிடைக்கும் பங்கு, கழகத்தின் சொந்த விளம்பரதாரர்கள் தரும் தொகை, ஆட்ட நாளில் விற்கும் நுழைவுச்சீட்டு. லீக் நின்றால் மூன்றும் ஒரே நாளில் வற்றுகின்றன. சட்டையில் பெயர் பொறிக்கப் பணம் தரும் நிறுவனம், அந்தச் சட்டை எந்த நாளில் எந்தத் தொலைக்காட்சியில் தெரியும் என்று தெரியாமல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதில்லை. செலவுப் பக்கத்திலோ நிலைமை நேரெதிர். வீரர்களின் ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு எழுதப்பட்டவை. வெளிநாட்டுப் பயிற்றுநர்களும் உடலியக்க வல்லுநர்களும் ஆண்டுக் கணக்கில் நியமிக்கப்பட்டவர்கள். ஐ.எஸ்.எல். தொடங்கிய நாளிலிருந்தே பெரும்பாலான கழகங்கள் ஆண்டுதோறும் இழப்பையே சந்தித்து, அந்த இழப்பை உரிமையாளரின் பிற தொழில்களிலிருந்து வரும் பணத்தால் ஈடுகட்டி வந்தன. வருவாய் வருமென்ற நம்பிக்கை இருக்கும்வரை ஓர் உரிமையாளர் இழப்பை முதலீடு என்று கருதிப் பொறுத்துக்கொள்வார். போட்டியே இல்லையென்றால் அந்தச் செலவை நியாயப்படுத்தும் வழி அவருக்கு இல்லாமல் போகிறது.

பெங்களூரு எஃப்.சி.யின் அறிவிப்பில் கவனிக்கத்தக்க ஒரு கூறு உண்டு. முதல் அணியின் ஊதியத்தை நிறுத்திய அதே அறிவிப்பில், ஆடவர் மற்றும் மகளிர் இளையோர் அணிகளின் பயிற்சியும் சிறுவர்களுக்கான கால்பந்துப் பள்ளிகளும் பாதிப்பின்றித் தொடரும் என்று கழகம் கூறியது. பெருஞ்செலவு பிடிக்கும் முதல் அணியை நிறுத்தி, ஒப்பீட்டளவில் குறைந்த செலவில் நடக்கும் இளையோர் பயிற்சியைக் காப்பது என்ற அந்த முடிவு, திரும்பிவரும் எண்ணம் கொண்ட ஒரு நிறுவனத்தின் முடிவாகவே தோன்றுகிறது. முன்னர் இந்தியாவில் மூடப்பட்ட கழகங்கள் பலவும் முதல் அணியோடு இளையோர் அணிகளையும் சேர்த்தே கலைத்தன. அவற்றில் பயின்ற பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவர்கள் ஒரே நாளில் திசையற்றுப் போனார்கள். அந்தத் தவறு இங்கே நிகழவில்லை என்பது பாராட்டத்தக்கது.

ஆயினும் நிறுத்தப்பட்டது உழைப்பவர்களின் ஊதியம் என்பதை மறைக்க முடியாது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளின்படி, ஒரு கழகம் வீரருக்கு இரண்டு மாத ஊதியத்தை முறையின்றி நிலுவையில் வைத்தால், அவர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, நிலுவையைத் தீர்க்கக் குறைந்தது பதினைந்து நாள் அவகாசம் அளித்தபின், தக்க காரணத்தின் பேரில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இந்தப் பாதுகாப்பு வேறு கழகம் ஒன்று அவரை ஏற்கக் காத்திருக்கும் சூழலில் மட்டுமே பயன்தரும். எல்லாக் கழகங்களும் ஒரே காரணத்தால் முடங்கியிருக்கும்போது, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறும் வீரர் போய்ச்சேர இடமில்லை. சேத்ரி போன்ற புகழ்பெற்ற வீரர்கள் சில மாதங்களைச் சேமிப்பைக் கொண்டு கடந்துவிடக்கூடும். ஆனால் முதல் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட இருபது வயது வீரர், சட்டைகளையும் காலணிகளையும் பேணும் உடைப் பொறுப்பாளர், தசைப்பிடிப்பு நீக்கும் உடலியக்கப் பணியாளர் ஆகியோருக்கு அப்படிப்பட்ட சேமிப்பு இருப்பதில்லை. தம் கழகத்திலிருந்து மட்டுமல்லாமல் பல கழகங்களின் வீரர்களிடமிருந்தும் பணியாளர்களிடமிருந்தும் தமக்கு வந்துசேர்ந்த செய்திகளைக் குறிப்பிட்டு, இந்தியக் கால்பந்தைச் சார்ந்து வாழ்வோர் அனைவரும் கவலையிலும் வேதனையிலும் அச்சத்திலும் இருப்பதாகச் சேத்ரி வெளிப்படையாக எழுதினார்.

தண்டுப்பகுதியின் கால்பந்து மரபு

கர்நாடகத் தலைநகருக்குக் கால்பந்து ஐ.எஸ்.எல்.லோடு வந்ததன்று. பிரிட்டிஷ் படையினர் தங்கிய தண்டுப்பகுதியில், அதாவது கண்டோன்மெண்டில், அவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சுற்றிக் குடியிருந்தோர் பார்த்துக் கற்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் படைமுகாம்களிலும் கட்டுமானத்திலும் ஆலைகளிலும் வேலைசெய்ய வடதமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள். அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் ஆகிய குடியிருப்புகள் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைத் தந்தன. கௌதமபுரத்தில் அம்பேத்கர் சிலையோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் நிற்பது, அந்தக் குடியிருப்பு மக்களின் தன்மதிப்பில் இந்த ஆட்டத்துக்கு உள்ள இடத்தைக் காட்டுகிறது. அல்சூர் ஏரியை ஒட்டிய மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் அணியும் நகரத்தின் கால்பந்து வாழ்வில் நெடுங்காலம் பங்கேற்றது.

அந்த மரபின் சாதனைகள் சிறியவை அல்ல. 1937இலும் 1938இலும் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து வென்றது. அதுவரை பிரிட்டிஷ் படையணிகளின் ஆதிக்கத்திலிருந்த அக்கோப்பையில் இந்தியக் குடிமக்களின் அணி ஒன்று பெயர் பொறித்தது அதுவே முதன்முறை. விடுதலை பெற்ற இந்தியா பங்கேற்ற முதல் ஒலிம்பிக்கான 1948 லண்டன் போட்டியில், ஜூலை 31 அன்று பிரான்சுக்கு எதிராக இந்தியா 2-1 எனத் தோற்ற ஆட்டத்தில் நாட்டின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூரு மண்ணின் சாரங்கபாணி ராமன். அதே அணியில் ஆடிய அகமது கானும் இந்நகரத்தவரே. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இங்கே பிறந்த அருமைநாயகம் இடம்பெற்றிருந்தார். மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையை 1967-68, 1968-69 ஆகிய இரு பருவங்களில் மைசூர் அணி அடுத்தடுத்து வென்றது.

விடுதலைக்குப் பிந்தைய தசாப்தங்களில் இந்த ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டவை மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள். விமானம் செய்யும் எச்.ஏ.எல்., தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ. போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வீரர்களைப் பணியில் அமர்த்தின. காலையில் பயிற்சி, பகலில் பணி, மாலையில் ஆட்டம் என்ற வாழ்க்கைமுறையில் சம்பளமும் ஓய்வூதியமும் நிச்சயமாக இருந்தன. ஆட்டம் ஓய்ந்தபின்னும் வேலை தொடரும் என்பதால், ஏழைக் குடும்பத்துத் தந்தை தன் மகன் பந்தின் பின்னால் ஓடுவதைத் தடுக்கவில்லை. 1990களுக்குப் பின் பொதுத்துறையின் வணிகச் சூழல் மாறியபோது விளையாட்டு நியமனங்கள் குறைந்தன. ஐ.டி.ஐ. தேசிய லீகிலிருந்து மறைந்தது, எச்.ஏ.எல். தேசிய அளவிலான ஐ-லீகில் 2011-12 பருவம் வரை தாக்குப்பிடித்து, பின் கீழிறங்கியது. புரவலரின் வளம் இருக்கும்வரை மட்டுமே அணி வாழும் என்ற நிலையை இந்நகரம் அப்போதே ஒருமுறை கண்டிருந்தது.

அந்த வெற்றிடத்தில்தான் 2013 ஜூலையில் பெங்களூரு எஃப்.சி. தோன்றியது. ஆங்கிலேயரான ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்றுவிக்க, அசோக் நகரிலுள்ள பழைய கால்பந்து அரங்கில் ஆடிய அக்கழகம் அறிமுகப் பருவத்திலேயே ஐ-லீகை வென்றது. 2015-16 பருவத்தில் மீண்டும் வென்றது. 2016 அக்டோபரில் பெங்களூருவின் கண்டீரவா அரங்கில், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் நடப்பு வாகையரான மலேசியாவின் ஜொகூர் அணியை 3-1 என வீழ்த்தி, அக்கோப்பையின் இறுதி ஆட்டத்தை எட்டிய முதல் இந்தியக் கழகமாயிற்று. நவம்பர் 5 அன்று தோகாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் ஒரே கோலில் தோற்றது. 2017இல் ஐ.எஸ்.எல்.லுக்கு மாறி, முதல் பருவத்தின் இறுதியில் தன் சொந்த அரங்கில் சென்னையின் எஃப்.சி.யிடம் 3-2 எனத் தோற்று, அடுத்த பருவத்தில் கோப்பையைக் கைப்பற்றியது. வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்ற ரசிகர் குழு ஆட்டந்தோறும் நின்று பாடும் பழக்கத்தை இந்நகரத்தில் வேரூன்றச் செய்தது. பெல்லாரி மாவட்டத்தின் விஜயநகரில் ஜே.எஸ்.டபிள்யூ. அமைத்த விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் கழகத்தின் இளையோர் தங்கிப் பயில்கின்றனர். பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு செய்த ஒரு கழகமே ஊதியத்தை நிறுத்த வேண்டி வந்தது என்பதால்தான் 2025 ஆகஸ்ட் அறிவிப்பு நாடு முழுவதையும் உலுக்கியது.

கோப்பைகள் காப்பதில்லை

களத்தில் வெல்லும் கழகம் தானே நிலைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இந்திய வரலாறு அதற்கு மாறாகவே பேசுகிறது. 1996-97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீகை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலை அணி 2011இல் கலைக்கப்பட்டது. 2005-06இல் அதே லீகை வென்ற மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. ஐந்து முறை தேசிய வாகையரான கோவாவின் டெம்போவும், இருமுறை வாகையரான சல்காவ்கரும், ஐ.எஸ்.எல்.லை முதன்மைப்படுத்திய சம்மேளனத்தின் திட்டத்தை எதிர்த்து 2016இல் தேசிய லீகிலிருந்து விலகின. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19 பருவத்தின் ஐ-லீகை வென்று, சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கழகத்தை 26 விழுக்காட்டுப் பங்குதாரராகவும் பெற்றிருந்தும், சில ஆண்டுகளுக்குள் தேசிய லீகிலிருந்தே இல்லாமற்போனது. 2021-22இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற ஐதராபாத் எஃப்.சி. ஊதிய நிலுவைச் சிக்கல்களில் மூழ்கி, 2025இல் தில்லிக்கு இடம்பெயர்ந்து வேறு பெயரில் ஆட நேர்ந்தது.

பிற நாடுகளிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. சீனாவின் சூப்பர் லீகை 2020 நவம்பரில் வென்ற ஜியாங்சு கழகம், அதன் உரிமையாளரான சூனிங் சில்லறை வணிக நிறுவனம் கடனில் சிக்கியதால், 2021 பிப்ரவரி 28 அன்று தன் செயல்பாடுகளை நிறுத்தியது. எட்டு முறை சீன வாகையரான குவாங்சோ எஃப்.சி., எவர்கிராண்டே வீட்டுமனை நிறுவனம் சரிந்ததைத் தொடர்ந்து கடன்களைத் தீர்க்க முடியாமல் 2025 ஜனவரியில் தொழில்முறைக் கால்பந்திலிருந்து வெளியேறியது. இங்கிலாந்தில் 1885இல் தொடங்கப்பெற்று இருமுறை எஃப்.ஏ. கோப்பை வென்ற பெரி கழகம் 2019 ஆகஸ்டில் லீகிலிருந்து நீக்கப்பட்டது. ஒரே உரிமையாளரின் பணப்பையை நம்பி நிற்கும் கழகத்துக்குக் கோப்பை காப்பீடாக அமைவதில்லை என்பதே இவை அனைத்துக்கும் பொதுவான செய்தி.

பெங்களூருவின் நிலை இவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது. ஜியாங்சுவையும் குவாங்சோவையும் உரிமையாளரின் வீழ்ச்சி அழித்தது. பெங்களூருவில் உரிமையாளர் நிமிர்ந்தே நின்றார், அவர் முதலிட்ட லீகே அடியோடு அசைந்தது. அதனால் உரிமையாளரை மாற்றுவதோ, செலவைக் குறைப்பதோ, நல்ல நிர்வாகியைக் கொண்டுவருவதோ இந்த நோய்க்கு முழு மருந்தாகாது.

ஏலத்தில் எழாத கைகள்

2025 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜோய்மால்யா பக்சி ஆகியோரின் அமர்வு, ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தயாரித்த சம்மேளன அமைப்பு விதிகளைச் சில மாற்றங்களுடன் ஏற்றது. அதன்பின் அக்டோபர் 16 அன்று, லீகின் வணிக உரிமையைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பெற விரும்புவோரிடமிருந்து ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன. ஆண்டுக்கு 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் ஐந்து விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதைச் சம்மேளனத்துக்குக் கட்டாயம் தர வேண்டும் என்பது நிபந்தனைகளுள் முதன்மையானது. சில நிறுவனங்கள் ஆர்வம் காட்டி விளக்கங்கள் கேட்டன. ஆனால் நவம்பர் 7 அன்று கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட ஒப்பந்தப்புள்ளி அளித்திருக்கவில்லை.

அந்த வெறுமை ஒரு சந்தை மதிப்பீடு என்பதைக் கழகங்களும் சம்மேளனமும் ஏற்றாக வேண்டும். லீகை நடத்தும் அதிகாரம் ஓரிடத்திலும் பணம் போடும் கடமை வேறிடத்திலும் இருக்க, ஒளிபரப்பு வருவாய் எவ்வளவு வரும் என்ற உறுதியின்றி ஆண்டுதோறும் பெருந்தொகையை முன்கூட்டியே உறுதியளிக்க எந்த முதலீட்டாளரும் முன்வரமாட்டார். அந்த டிசம்பரில், 2019 முதல் மும்பை சிட்டி எஃப்.சி.யின் பெரும்பங்கை வைத்திருந்த, மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி கால்பந்துக் குழுமம் லீகின் எதிர்காலம் தெளிவற்றிருப்பதைக் காரணமாகக் கூறி இந்தியாவிலிருந்து வெளியேறியது. 2026 ஜனவரி தொடக்கத்தில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட வீரர்கள், தங்களைக் காக்க ஃபிஃபா தலையிட வேண்டுமெனக் காணொளி வழியாக வேண்டினர். நாட்டின் தேசிய அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடியவர்கள் வெளிநாட்டில் இயங்கும் அமைப்பிடம் முறையிட வேண்டிவந்தது இந்திய விளையாட்டு நிர்வாகத்துக்குப் பெருமை சேர்க்கும் நிகழ்வன்று.

ஜனவரி 6 அன்று ஒன்றிய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பதினான்கு கழகங்களும் பங்கேற்கும் லீக் பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என அறிவித்தார். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளுடன் ஒருமுறை மட்டும் மோதும் வகையில் மொத்தம் 91 ஆட்டங்களும், அதற்கென 25 கோடி ரூபாய் பொது நிதியும் திட்டமிடப்பட்டன. முந்தைய பருவத்தில் லீக் சுற்றில் ஓர் அணி 24 ஆட்டங்கள் ஆடியது. புதிய ஏற்பாட்டில் 13 ஆட்டங்களே. முதிர்ந்த வீரருக்கு இந்தக் குறைப்பு வருமான இழப்பு. பத்தொன்பது வயது வீரருக்கோ வளர்ச்சியின் முக்கியமான ஓராண்டில் பாதி அனுபவம் பறிபோகிறது. தேசிய அணியின் தரம் எதிர்காலத்தில் எவ்வாறு அமையும் என்பதையும் இந்த இழப்பே ஓரளவு தீர்மானிக்கும். அவசர மருத்துவமாக இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கது எனினும், ஒரு பருவத்துக்கான ஏற்பாட்டை நிலையான தீர்வு என்று எவரும் கொள்ளலாகாது.

யோகோஹாமாவின் வழி

ஆசியாவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான ஜே-லீக் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1998இல், யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் கழகத்தின் இரு புரவலர் நிறுவனங்களுள் கட்டுமான நிறுவனம் நிதி நெருக்கடியால் விலகியது. எஞ்சிய விமான நிறுவனம் தனியே சுமையைத் தாங்க விரும்பாமல், அதே நகரத்தின் மரினோஸ் கழகத்தோடு அதை இணைத்துவிட முடிவுசெய்தது. கலைக்கப்படுவது உறுதியான பின்னும் ஃப்ளூகல்ஸ் வீரர்கள் தொடர்ந்து ஆடி, 1999 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பையை வென்று விடைபெற்றனர். அவர்களின் ரசிகர்கள் மரினோஸை ஏற்க மறுத்து, தாமே நிதி திரட்டி யோகோஹாமா எஃப்.சி. என்ற புதிய கழகத்தைத் தொடங்கினர். அது படிப்படியாக உயர்ந்து 2007இல் முதல்நிலை லீகில் ஆடியது.

இந்த அனுபவத்துக்குப் பின் ஜப்பானியக் கால்பந்து தன் விதிகளை இறுக்கியது. கழகத்தின் பெயரில் நிறுவனப் பெயர் இடம்பெறாமல் ஊர்ப்பெயரே முதன்மை பெற வேண்டும் என்ற கொள்கை தொடக்கத்திலேயே இருந்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த உரிம முறை, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இழப்பில் இயங்கும் கழகம் உரிமத்தை இழக்கக்கூடும் என்று வகுத்தது. உரிம முறை என்பது, பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கழகமும் தன் நிதிநிலை, அரங்கம், இளையோர் பயிற்சி ஆகியவற்றைச் சரிபார்ப்புக்கு உட்படுத்தி ஆடத் தகுதி பெறும் நடைமுறை. இந்தியாவிலும் உரிம முறை பெயரளவில் இருக்கிறது. ஆனால் நிபந்தனையை நிறைவேற்றாத கழகங்களுக்குத் தொடர்ந்து விலக்கு அளிக்கப்படுவதால் அது எச்சரிக்கை மணியாகச் செயல்படவில்லை.

பெங்களூருவிலிருந்து தொடங்கிய இந்த நெருக்கடி மீண்டும் நேராதிருக்க நான்கு மாற்றங்கள் உடனடித் தேவையாகின்றன. முதலாவது, கழகங்களே பெரும்பங்கு வைத்திருக்கும் லீக் நிறுவனம் அமைய வேண்டும். ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தங்கள் வரும், போகும், ஆனால் லீகின் உடைமை எந்த ஒப்பந்தத்தோடும் காலாவதியாகக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் கழகங்கள் சில மாத ஊதியத்துக்கு ஈடான தொகையைப் பொது வைப்பு நிதியில் செலுத்த வேண்டும். போட்டி தடைபட்டால் வீரர்களுக்கும், அவர்களுக்கு முன்னதாகக் குறைந்த ஊதியப் பணியாளர்களுக்கும், அந்நிதியிலிருந்து வழங்கப்பட வேண்டும். ஊதியம் பெறாத வீரர்களுக்கு உதவ ஃபிஃபா 2020இல் 1.6 கோடி டாலரில் ஒரு நிதியம் அமைத்ததை இதற்கு முன்னோடியாகக் கொள்ளலாம். மூன்றாவது, ரசிகர் அமைப்புகளுக்குக் கழக நிர்வாகத்தில் சட்டப்படியான இடம் தரப்பட வேண்டும். கணக்குகளைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இருந்தால், நெருக்கடி பற்றிய செய்தி ஆகஸ்டு மாத அறிவிப்பாக முதன்முதலில் வந்துசேராது.

நான்காவது மாற்றம் கர்நாடக அரசின் கையில் உள்ளது. கண்டீரவா அரங்கம் மாநில அரசுக்குச் சொந்தமானது. தடகள வீரர்களும் அதையே நம்பியிருப்பதால் பயன்பாடு பற்றிய பூசல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. கால்பந்துக்கென நீண்டகாலக் குத்தகையில் ஓர் அரங்கம் கிடைத்தால், ஆட்ட நாள் அல்லாத நாட்களிலும் கழகம் வருவாய் ஈட்ட வழி பிறக்கும். தடகள வீரர்களுக்கும் அவர்களின் ஓடுபாதை தடையின்றிக் கிடைக்கும். எச்.ஏ.எல்.லும் ஐ.டி.ஐ.யும் அளித்த வேலைப் பாதுகாப்பு திரும்ப வரப்போவதில்லை என்ற நிலையில், அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் இன்று பந்து உதைக்கும் சிறுவனின் பெற்றோருக்கு அரசும் சம்மேளனமும் கழகங்களும் கூட்டாக ஓர் உறுதியைத் தர வேண்டியிருக்கிறது: தொழில்முறை ஒப்பந்தத்தில் அவன் கையொப்பமிடும் நாளில், அந்த ஒப்பந்தத்தில் எழுதிய ஊதியம் எழுதிய காலம்வரை வந்துசேரும் என்ற உறுதி. அந்த உறுதியைத் தர முடியாத லீகுக்கு, அவன் இளமையின் பத்து ஆண்டுகளைக் கேட்கும் உரிமை கிடையாது.